தறிக்கூடத்துப் பிள்ளைகள்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். விசைத்தறி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் 9 வயதுப் பெண்ணும் 4 வயதுப் பையனும் நாள் முழுக்கத் தறிக்கூடத்திலேயே இருக்கிறார்கள். பள்ளியில் டி.சி. கேட்கிறார்கள், அங்கன்வாடியில் ஆதார் கேட்கிறார்கள். இப்படி அலைக்கழிக்காமல் இருக்கப் பொது நெறி எதுவும் கிடையாதா?

பதில்: சட்டமாகவே இருக்கிறது. முதலில் பிள்ளை, பிறகுதான் காகிதம். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5-ஆம் பிரிவுப்படி டி.சி. வரத் தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயனை நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இதையெல்லாம் மனுவாக எழுதிக் கொடுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்க யோசிப்பார்கள்.

ஆனால் நான் பள்ளியிலிருந்து தொடங்கமாட்டேன். அந்தப் பெண் பள்ளிக்கு வராததற்கு டி.சி.தான் காரணமா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததா? அவளையே கேளுங்கள். தறிச் சத்தத்திலும் முதலாளி முன்னாலும் வேண்டாம். அவள் மொழி தெரிந்த ஒருவரோடு வெளியே உட்கார்ந்து பேசுங்கள். தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றிருக்கிறது. தம்பிதான் காரணம் என்றால் அங்கன்வாடிக் கதவே முதல் கதவு. மாலையில் அது மூடிய பிறகும் ஷிப்ட் ஓடும். தாய் தந்தை இருவருக்கும் ஒரே ஷிப்ட் போடாதிருக்க முதலாளியிடம் பேசிப் பாருங்கள்.

பள்ளியில் அவளை வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்காரவைக்க வேண்டும், தனிப் பயிற்சியும் தர வேண்டும். தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் போட்டால் வெட்கத்திலேயே நின்றுவிடுவாள். தாயைச் சம்மதிக்கவைக்கக் காலை உணவுத் திட்டம் உதவும். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அது நடக்கிறது.

அவள் தார் சுற்றும் (தறிக்கு நூல் சுற்றும்) வேலையிலும் இருந்தால் விஷயம் வேறு. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் பெற்றோரை மிரட்டாதீர்கள். முன்பணக் கடனில் நிற்பவர்கள் இரவோடிரவாக வேறு கூடத்துக்கு மூட்டை கட்டினால் பிள்ளைகள் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் மூவரையும் ஒரே நாளில் உட்காரவைத்து, இந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு யார் என்று ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாரும் போகமாட்டார்கள். சேர்த்துவிட்ட மகிழ்ச்சியில் பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

குடும்பம் ஊர் மாறினால் புறப்படும்போதே டி.சி. கையில் இருக்கட்டும். அதை உடனே தருவது தலைமையாசிரியரின் கடமை என்பதும் அதே 5-ஆம் பிரிவில் உள்ளது.