18 மாத அனிமேஷன் பள்ளியா, நான்கு வருடப் பட்டப்படிப்பா: எதில் சேரலாம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை. "முதலில் ஒரு டிகிரி வாங்கு, அப்புறம் பொம்மை வரையலாம்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டில் சொன்னார்கள். ஒரு வருடம் கல்லூரியில் படித்துவிட்டுப் பாதியில் விட்டு, 18 மாத விரைவுப் படிப்பில் சேர்ந்தவன் நான்.

முதல் பாடம் துள்ளும் பந்து. மேலிருந்து விழ வேண்டும், நாலு துள்ளு துள்ள வேண்டும், நிற்க வேண்டும். இரண்டே நாளில் முடித்து அனுப்பினேன். "பந்துக்கு எடையே இல்லை, மிதக்கிறது" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினார். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உச்சியில் பந்தின் நிலைகள் நெருக்கமாகவும், கீழே இறங்க இறங்க இடைவெளி கூடியும் வர வேண்டும் என்பதும் தெரியும். அது கைக்கு வர மூன்று வாரம் ஆனது. உச்சியில் இரண்டு ஃபிரேம் அதிகமாக நிறுத்தியிருந்தேன், அதுதான் மிதப்பு. அடுத்து நடை. நான் காலையே திருத்திக்கொண்டிருந்தேன், அவர் "இடுப்பைப் பார்" என்றார். எடை தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், தூக்கிய காலின் பக்கம் தாழும். அன்றிலிருந்து தெருவில் யார் நடந்தாலும் இடுப்பைத்தான் பார்க்கிறேன்.

இந்தப் பாடங்கள் கல்லூரியிலும் உண்டு. டிஸ்னி அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் நூலாக எழுதிவைத்த 12 அடிப்படை விதிகள்தான் இரண்டு இடத்திலும். எனக்குக் கிடைத்தது, தினமும் அந்த வேலையைச் செய்கிற ஒருவர் வாரா வாரம் என் ஷாட்டைப் பிரித்துப் போட்டுத் திட்டியது. அந்தத் திட்டுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

படிப்பு முடிந்ததும், நான் செய்த ஷாட்டுகளைத் தொகுத்த 50 நொடி மாதிரி வீடியோவை, அதாவது ரீலை, வைத்து வேலை வாங்கினேன். டிகிரி இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஐந்தாவது வருடம் அமெரிக்காவில் ஒரு வேலை கிடைத்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, வெளிநாட்டவர் அங்கே வேலை பார்க்க வாங்கும் எச்-1பி விசாவில் வந்து நின்றது. அதற்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லையென்றால் மூன்று வருட வேலை அனுபவத்தை ஒரு வருடப் படிப்புக்கு ஈடாகக் கணக்கு வைப்பார்கள். நான்கு வருடப் படிப்புக்கு 12 வருடம். என்னிடம் இருந்தது ஐந்து. அந்த வேலை போய்விட்டது. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

உடனே "அப்போது கல்லூரிதானே சரி?" என்று கீழே வந்து எழுதாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கல்லூரி வீண் என்றும் சொல்லவில்லை. என்னோடு படித்துக் கல்லூரியிலேயே தங்கிவிட்ட நண்பன் மூன்று வருடம் ஆளை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தான். வேலை கிடைக்க என்னைவிடத் தாமதமானது. ஆனால் இன்று அவன் ஸ்டோரிபோர்டு, அதாவது படத்தின் காட்சிகளை முன்கூட்டியே ஓவியமாக, வரைகிறான். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. வேகப் படிப்பில் வரையக் கற்றுக்கொள்ள நேரமே இருக்காது. ஏற்கெனவே ஓரளவு வரைபவர், திட்டு வாங்கினால் மறுநாளே திருத்தி அனுப்புகிறவர் என்றால் தாராளமாகச் சேருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இந்த வேலைக்குத் தொடர்புடைய ஒரு பட்டத்தை அஞ்சல் வழியிலாவது முடித்து வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் ஏழு மாதம் வேலை செய்தேன். முடிவில் ஓடும் பெயர்களில் என் பெயர் இல்லை. "இடம் போதவில்லை" என்றார்கள். தயாரிப்பாளரின் உறவினர்கள் பெயருக்கு இடம் இருந்தது. டிகிரி இருந்தவர்கள் பெயரும் விடுபட்டுத்தான் போனது, அதனால் இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் யாராவது இதை எழுத வேண்டும்.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பள்ளி விளம்பரத்தில் காட்டுவது நூறில் ஒருவரின் ரீல். கடைசியாக முடித்த வகுப்பில் நடுத்தரமாகப் படித்த மூன்று பேரின் ரீலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.