அனிமேஷன் இசைக் காணொளிகளை விழாவுக்குப் போய்த் திரையரங்கில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாமே யூடியூபில் கிடைக்கிறதே?

பாட்டைக் கேட்பதுதான் நோக்கம் என்றால் யூடியூபே போதும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் பல அரங்குகளைவிடத் தெளிவாகவே கேட்கும். அந்தப் படத்தைச் செய்தவரின் கைவேலையைப் பார்க்க வேண்டும் என்றால்தான் விழாவுக்குப் போக வேண்டும். அனிமேஷன் விழாக்களில் முழுநீளப் படங்களைக்கூடச் சில சமயம் விட்டுவிடுவேன். இசைக் காணொளித் தொகுப்பை விடமாட்டேன். ஆகவே இந்தப் பதில் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கலப்பு ஊடகம் என்று இந்தத் தொகுப்புகளில் அறிவிக்கப்படுபவற்றில் வெட்டிய காகிதம், களிமண், துணிப் பொம்மை, பழைய புகைப்படம், நடிகரைப் படம்பிடித்து அதன்மேல் வரைந்த கோடு, கணினி உருவம் எல்லாம் ஒரே பாட்டுக்குள் மோதிக்கொள்ளும். கைபேசித் திரை இவை அனைத்தையும் ஒரே வழவழப்பாக ஆக்கிவிடுகிறது. இணையத்துக்காகக் காணொளியைச் சுருக்கும்போது முதலில் பலியாவது ஃபிரேமுக்கு ஃபிரேம், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படத்திலும், மாறிக்கொண்டே இருக்கும் நுண்ணிய விவரம். கையால் செய்த அனிமேஷனில் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. கரிக்கோட்டின் துகள், காகித ஓரத்தின் பிசிறு, பொம்மையின் கன்னத்தில் பதிந்த விரல் ரேகை எல்லாம் பெரிய திரையில் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறித் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பிழை என்று நினைத்துச் சுத்தம் செய்துவிடுகிற இயக்குநர்களும் உண்டு. அவர்கள் படங்கள் எனக்குப் பெரும்பாலும் சலிப்பையே தருகின்றன.

எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு 2,160 படங்கள். நார்வே பாப் இசைக்குழுவான ஆ-ஹாவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டுக்கு 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய காணொளியில், படம்பிடித்த காட்சியின்மேல் பென்சிலால் வரையும் ரோட்டோஸ்கோப் முறையில் ஏறக்குறைய 3,000 ஃபிரேம்கள் வரையப்பட்டன. அதற்கு 16 வாரங்கள் ஆயின. அந்தப் பாட்டின் முந்தைய வடிவத்துக்குக் குழுவினர் பாடுவதைக் காட்டிய ஒரு சாதாரணக் காணொளி இருந்தது. அதை இன்று யாரும் பேசுவதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த, ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ இன்னும் பிடிவாதமான உழைப்பு. ஸ்டீபன் ஜான்சன் இயக்கத்தில் களிமண் அனிமேஷனுக்குப் பேர்போன ஆர்ட்மன் நிறுவனமும் பொம்மை அனிமேஷன் கலைஞர்களான குவே சகோதரர்களும் சேர்ந்து அனிமேஷன் செய்தார்கள். பாடகர் கண்ணாடிப் பலகைக்கு அடியில் 16 மணி நேரம் படுத்துக் கிடக்க, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் எடுத்தார்கள். அதில் ஆடுகிற கோழிகளை அசைத்தவர் ஆர்ட்மன் அனிமேட்டர் நிக் பார்க். 1987-இல் இசைத் தொலைக்காட்சியான எம்டிவியின் ஒன்பது விருதுகள் அந்த ஒரே காணொளிக்குக் கிடைத்தன. பழங்களும் மீனும் மனித முகமும் ஒரே பொருளைப்போல் நடத்தப்படுவதைப் பெரிய திரையில் பார்த்தால் கொஞ்சம் அருவருப்பும் வரும். அந்த அருவருப்பு பாட்டின் குறும்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இனித் தாளம். என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கான முழுப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான திரைப்படத்தில் பின்னணி இசை கடைசியில் வந்து காட்சிக்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். இசைக் காணொளியில் முதல் படம் வரையப்படும் முன்பே ஒலி முடிந்துபோய், இனி மாற்ற முடியாதபடி இருக்கும். அனிமேட்டர்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஓர் அடிக்குச் சரியாக 12 ஃபிரேம், தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்கு 14.4 ஃபிரேம் வரும். அரைகுறை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. அதனால் 14, 15, 14, 15, 14 என்று மாற்றி மாற்றிப் போட்டு ஐந்தாவது அடியில் கணக்கை நேர் செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லா அடிக்கும் 14 என்று வைத்தால் அரை நிமிடத்துக்குள் படம் பாட்டைவிட ஏறத்தாழ முக்கால் நொடி முன்னே ஓடியிருக்கும்.

இதோடு முடிவதில்லை. சுத்தியல் விழுவது போன்ற அழுத்தமான அசைவை ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்பாகவே வைப்பது அனிமேட்டர்களின் பழைய வழக்கம். அப்படி வைத்தால்தான் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. அரங்கில் இதில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். அதாவது ஒரு ஃபிரேம் ஓடும் நேரத்தில் சுமார் 14 மீட்டர். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து தாளம் ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்துசேரும். கதைப் படத்தில் இது யாருக்கும் உறைக்காது. ஒவ்வொரு தாள அடிக்கும் காட்சி மாறுகிற காணொளியில் உறைக்கும். நடு வரிசைக்குப் பின்னால் போகாதீர்கள்.

தொகுப்பாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது வேறொன்றும் பிடிபடும். சில காணொளிகள் பாட்டின் வரிகளை வரைகின்றன: ‘பறவை’ என்று பாடினால் பறவை, ‘மழை’ என்றால் மழை. வேறு சில, பாட்டின் ஒலியை வரைகின்றன. முதல் வகையைத் தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பத்துக் காணொளிகளுக்கு நடுவில் வரும்போது பாடநூல் படம்போல் வெளிறிவிடும். இரண்டாவது வகைக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், நார்மன் மெக்லாரனும் எவலின் லம்பார்ட்டும் 1949-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காகச் செய்த ‘பிகான் டல் கேர்’. ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸ் இசைக்கு நேராகப் படச்சுருளின்மேலேயே வண்ணம் தீட்டியும் சுரண்டியும் செய்த படம். வேகம் தணியும் நடுப்பகுதியில், கருப்புப் பரப்பில் சுரண்டிய சில மெல்லிய செங்குத்துக் கோடுகள் மட்டுமே பியானோவோடு நடுங்கும். சின்னத் திரையில் அவை வெறும் கீறல்கள்.

இந்தக் கலையே தொலைக்காட்சிக்குப் பிறந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எம்டிவி தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1932-இல், ஃபிளைஷர் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயின் ‘மினி த மூச்சர்’ பாட்டுக்குப் படம் செய்துவிட்டது. தொடக்கத்தில் அவரும் அவர் இசைக்குழுவும் நேரில் வருகிறார்கள். பிறகு அவருடைய நடன அசைவுகளை அப்படியே ரோட்டோஸ்கோப் செய்து வால்ரஸ் வடிவப் பேய் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1935-இல் லென் லை என்ற கலைஞர், பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் படப் பிரிவுக்காகக் கேமராவே இல்லாமல், படச்சுருளில் நேரடியாக வரைந்து ‘எ கலர் பாக்ஸ்’ செய்தார். கியூப நடன இசைக்கு வண்ணக் கோடுகள் ஆடிக்கொண்டே போய், கடைசியில் பார்சல் அனுப்பும் கட்டண விளம்பரத்தில் முடியும். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் திரைவிழாவில் அதற்குப் பொருந்தும் பிரிவு எதுவும் இல்லாததால், நடுவர்கள் புதிதாக ஒரு பிரிவை ஏற்படுத்திப் பரிசு கொடுத்தார்கள். இவை எல்லாமே அரங்குக்காகச் செய்தவை.

எந்தப் பிரிவில் வைப்பது என்ற குழப்பம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. 1960-இல் தொடங்கிய பிரான்ஸின் அன்சி அனிமேஷன் விழா இசைக் காணொளிகளை விளம்பரப் படங்களோடு சேர்த்து, ‘பிறர் கேட்டுச் செய்த படங்கள்’ என்ற பிரிவில் வைக்கிறது. யாரோ பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவை என்ற அளவில் அது நியாயம்தான். ஆனால் விளம்பரம் கேட்பவர் ஒவ்வொரு நொடிக்கும் கணக்குக் கேட்பார். இசைக்குழுவோ பெரும்பாலும் குறைந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். வசனம் தேவையில்லை, கதை கட்டாயமில்லை. இளம் அனிமேட்டர்களின் துணிச்சலான வேலை இந்தப் பிரிவில் திரண்டிருப்பதற்கு இதைத்தான் காரணமாகப் பார்க்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு இடைவெளியே இல்லாமல் பாட்டு மேல் பாட்டு வந்தால் கடைசி இருபது நிமிடம் கண்ணும் காதும் மரத்துப்போகும். ஒவ்வொரு பாட்டும் வெவ்வேறு ஒலி அளவில் பதிவானது என்பதால், முணுமுணுப்பான பாட்டுக்கு அடுத்து வருவது சில நேரம் நாற்காலியைத் தூக்கிப்போடும். பல காணொளிகள் இரட்டைத் தட ஒலியோடு மட்டுமே வருவதால் அரங்கின் சுற்றொலி அமைப்பு சும்மா கிடக்கும். படங்களுக்கு நடுவே பத்து நொடி இருட்டு விடுகிற விழாக்கள் சில உண்டு. அவற்றின் தொகுப்பாளர்களுக்குக் கோவில் கட்டலாம்.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு இசைக்குழுவின் காணொளிக்காக மட்டும் டிக்கெட் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். கேள்விப்பட்டே இராத பாட்டுகளுக்குக் காத்திருக்க முடியும் என்றால் போங்கள். பிடித்த காணொளியின் இயக்குநர் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அதே காணொளியை யூடியூபில் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். வரிகளை மட்டும் வரைந்தவை எவை என்பது அப்போது உடனே தெரிந்துவிடும்.