பெரிமெனோபாஸ் (மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம்) பற்றி எந்த பாட்காஸ்ட் கேட்கலாம்?

45 வயது, பீரியட்ஸ் முறை தவறுகிறது, ராத்திரியில் வியர்க்கிறது, எதைக் கேட்டால் விவரம் புரியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வடசென்னைத் தண்டையார்பேட்டை. நானும் முதலில் பழியைப் புழுக்கத்தின் மேல்தான் போட்டேன். மார்கழியில் மகள் போர்வைக்குள் சுருண்டிருக்க, நான் மட்டும் ஃபேனை ஐந்தில் வைத்து, நைட்டி நனைய உட்கார்ந்திருந்தபோதுதான் சந்தேகமே வந்தது.

வெறுமனே ‘மெனோபாஸ்’ என்று தேடினால் பவுடர் விற்பவர்கள்தான் வந்து நிற்பார்கள். ‘மாதவிடாய் நிற்கும் காலம்’ என்பதோடு தூக்கமின்மை, படபடப்பு, மூட்டுவலி என்று உங்கள் தொல்லையையும் சேர்த்துத் தேடுங்கள். பேசுபவர் மகப்பேறு மருத்துவரா என்று பாருங்கள். ஆங்கிலம் பரவாயில்லை என்றால் பிரிட்டன் மருத்துவர் லூயிஸ் நியூசனின் பாட்காஸ்ட் உண்டு. அவர் ஹார்மோன் சிகிச்சைக்கு ரொம்பவே ஆதரவானவர், அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

நல்லதா என்று கண்டுபிடிக்க என் வழி இது. தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராவிட்டால்தான் மெனோபாஸ். அதற்கு முந்தைய தடுமாற்றக் காலம் பெரிமெனோபாஸ், அப்போதும் கர்ப்பம் தரிக்கலாம். இதைத் தெளிவாகச் சொல்கிறார்களா? ஒரே ரத்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரியும் என்றால் நகர்ந்துவிடுங்கள். ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம் பட்டால் ‘சகஜம்’ என்பவரை உடனே மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், தைராய்டும் ரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும். நீங்களும் எங்கள் பக்கம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.