முட்டையை நிறுத்தாதீர்கள்

அன்புள்ள அக்கா,

வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார், சம்பளம் 15,000. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், மாதம் 9,000 தேறும். பையன் மூன்றாம் வகுப்பு, தனியார் பள்ளி. மாமியாரும் எங்களோடுதான்.

ஆடி மாதத்திலிருந்து எல்லாச் செலவையும் நோட்டில் எழுதி வருகிறேன். வாடகை 6,000. கரண்டுக்கு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார், மாதம் 1,120 ஆகிறது. பள்ளிக்கும் வேனுக்கும் 3,000. குழுக்கடன் இரண்டு: ஒன்றுக்கு மாதம் 2,650, இன்னொன்றுக்கு வாரம் 650. மளிகை, காய், பால் 7,000. கேஸ், பெட்ரோல், போன் 2,700. மாதக் கடைசியில் 1,300 ரூபாய் போலத் துண்டு விழுகிறது.

முதல் கடன் 50,000, இரண்டு வருஷத் தவணை. நாத்தனார் மகள் மஞ்சள் நீருக்குத் தாய்மாமன் சீர் செய்ய வாங்கியது. அதில் இன்னும் 14 தவணை பாக்கி. அதைக் கட்ட முடியாமல் இன்னொரு குழுவில் 30,000 வாங்கினேன், 52 வாரத்தில் 38 வாரம் பாக்கி. என் மூன்று சவரன் 2024இலிருந்து வங்கியில் ஒரு லட்சத்துக்கு இருக்கிறது. தீபாவளி போனஸ் அந்த வட்டிக்கே போய்விடுகிறது. வாரத் தவணை ஒரு நாள் தள்ளினால் ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்காருகிறார்கள்.

எனக்கு முட்டையை நிறுத்திவிட்டேன். சாயங்காலப் பால் பாக்கெட்டையும் நிறுத்திவிட்டேன். மதியம் மிஞ்சினால் காய், இல்லாவிட்டால் ஊறுகாய். மிஷினிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. டிவியில் விலைவாசி குறைந்துவிட்டது என்கிறார்கள். எனக்குத்தான் சிக்கனம் தெரியவில்லை என்கிறார் மாமியார். இன்னும் எதைக் குறைக்கலாம், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்), சத்துவாச்சாரி

அன்புள்ள தங்கைக்கு,

நாளைக் காலையிலிருந்து முட்டையை மறுபடி வாங்குங்கள். பால் பாக்கெட்டையும் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 210. அரை லிட்டர் பால் பாக்கெட் 20 ரூபாய் என்றால் 600. ஆகமொத்தம் 800 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். இப்போது கடன் பக்கம் வாருங்கள். 50,000 வாங்கி, மாதம் 2,650 வீதம் இரண்டு வருஷம் கட்டினால் 63,600. வட்டி மட்டும் 13,600. இரண்டாவது கடனில் 30,000 வாங்கி 33,800 கட்டுகிறீர்கள். இரண்டு வட்டியையும் மாதக் கணக்காகப் பிரித்தால் 880 ரூபாய் வருகிறது. உங்கள் தட்டிலிருந்து எடுத்த முட்டையும் பாலும் நேராக அந்த வட்டிக்குப் போகின்றன. வீட்டில் ஒருவருக்கும் அதனால் ஒரு பைசா மிஞ்சவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்தத் தலைசுற்றல்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் ரேஷன் அரிசி கிடைக்கும் மாநிலத்தில் இந்த நிலைமை. நான் குடியாத்தத்தில் பீடி சுற்றிய வீட்டில் பிறந்தவள். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சரிசி இருக்கும். அவ்வப்போது நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். நாங்கள் அதை அம்மாவுடைய பழக்கம் என்றே நினைத்திருந்தோம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படிப் பச்சரிசியும் மண்ணும் திருநீறும் தின்னத் தோன்றும் என்று வெகுநாள் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மீன் குழம்பு வைத்த நாளில்கூட அம்மா தட்டில் குழம்பு மட்டும்தான் இருக்கும். கேட்டால் "எனக்கு முள்ளு எடுக்கப் பொறுமை இல்ல" என்பார். வயிறாரச் சாப்பிடாமலே ஆயுளைக் கழித்த பெண்களின் ஊர் இது. உங்கள் மாமியாரும் அப்படிக் கடைசியில் சாப்பிட்டவராகத்தான் இருப்பார். அவர் சிக்கனம் என்று கற்றுக்கொண்டது அதைத்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரை அங்கே காசில்லாமல் தருவார்கள். தலைசுற்றலோடு மிஷின் மிதித்து அந்த 9,000 எத்தனை நாள் வரும்?

இனி கடன். உங்கள் மூன்று சவரனை 2024இல் வைத்தீர்கள். அந்த வருஷம் ஏப்ரலில் சவரன் 53, 54 ஆயிரத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதே நகைக்கு வங்கி இன்று கூடுதலாகக் கடன் தரும். அரசு வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகைக்கடன் வட்டி உங்கள் குழுக்கடன் வட்டியில் பாதிகூட இருக்காது. குழுக்கடன் இரண்டிலும் அசல் மட்டும் இன்னும் 55,000 அளவில் இருக்கும். நகைக்கடனைத் திருப்பி வைத்து, அந்த 55,000 மட்டும் கூடுதலாக வாங்கி, இரண்டு குழுக்கடனையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இதுவரை மாதம் 5,450 கட்டி வந்தீர்கள் அல்லவா, இனி மாதம் 4,000 வங்கியில் கட்டுங்கள். பதினைந்து மாதத்தில் அந்த 55,000 தீர்ந்துவிடும். மாதம் 1,450 கையில் நிற்கும். துண்டு விழும் 1,300 இங்கேயே அடைபட்டுவிடுகிறது.

இதில் ஒரு அபாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வங்கி மேனேஜர் "இன்னும் ஒரு லட்சம் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். வாங்காதீர்கள். தங்கம் இறங்கினால் நகை ஏலத்துக்குப் போகும் அளவுக்குக் கடனை ஏற்றிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, நகைக்கடன் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பது என்று நம் ஊரில் பழகிவிட்டோம். அப்படி வைத்த நகை வீடு திரும்புவதே இல்லை. இது மாதாமாதம் அசலில் கழிய வேண்டும். சம்பளம் வந்த அன்றே அவர் கணக்கிலிருந்து 4,000 போய்விடும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தங்க விலை ஏறியதால் பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர்கள் தவிக்கிறார்கள். உங்களைப்போல் ஏற்கெனவே கையில் நகை வைத்திருப்பவர்களுக்கு அதே விலை ஏற்றம் இந்த ஒரு கதவைத் திறந்திருக்கிறது.

முன்கூட்டியே முடித்தால் அபராதம் கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் அதைத் தடை செய்கின்றன. வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்கள் அடமானம் இல்லாமல் வாங்கும் கடனுக்கு இந்த விதிகள் பொருந்தும். உங்கள் வருமானம் 2,88,000. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பேசி வைத்த பொது இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்காருவது விதிமீறல். அடுத்த முறை வந்தால் நிறுவனத்தின் பெயர், வந்தவர் பெயர், நேரம் மூன்றையும் அதே நோட்டில் எழுதுங்கள், அவர் கண்ணெதிரில். கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. காவல் நிலையத்தில் மனு கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடன் வாங்கியது குற்றம் இல்லை. வாசலில் நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைப்பது அவர்களின் வசூல் முறை. நம் பெண்கள் அந்த வெட்கத்துக்குப் பயந்தே ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஆற்காடு வரை நான் போன ஊரிலெல்லாம் கேட்ட கதை இது.

இந்தக் கடன் தொடங்கிய இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். தாய்மாமன் சீர். அக்காவும் தங்கையும் தலைநிமிர வேண்டும் என்று அண்ணன் தம்பி செய்கிற சீரில் அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பந்தலில் வரிசைத் தட்டை எண்ணுகிறவர்கள் யாரும் உங்கள் வாரத் தவணையைக் கட்ட வரப்போவதில்லை. மாதம் 24,000 வருகிற வீட்டில் 50,000க்குச் சீர் செய்தது உங்கள் வீட்டுக்காரரின் மானத்துக்காக. அதைக் கட்டுவதற்காக நிறுத்தியது உங்கள் முட்டையை. இந்த நோட்டை அவர் பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மாமியாரையும் உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டுங்கள். குறை சொல்லவேண்டாம், எண்களை மட்டும் வாசியுங்கள். கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, வாசலில் வந்து உட்காருகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அடுத்த விசேஷத்துக்குச் சீர் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது உங்கள் வாய்ச்சொல்லும் அதில் இருக்க வேண்டும்.

கரண்டு விஷயம். மாதம் 1,120 என்றால் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட். தனி மீட்டர் இருந்தால் மின்வாரியத்துக்கு எவ்வளவு கட்டியிருப்பீர்கள் தெரியுமா? 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு 2.35 வீதம் 235, மீதி 80க்கு 4.70 வீதம் 376. ஆக 611 ரூபாய். நீங்கள் கட்டுவது 2,240. அரசு தருகிற இலவச யூனிட் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை. மாதத்துக்கு 800 ரூபாய் மறைமுக வாடகை என்று இதை எழுதிக்கொள்ளுங்கள். ஓனரிடம் பணிவாக இந்தக் கணக்கைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். மசியாவிட்டால், அடுத்து வீடு பார்க்கும்போது வாடகை 500 கூடினாலும் தனி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள்.

மளிகையில் நான் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு 7,000 என்பதே இறுக்கிப் பிடித்த கணக்கு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கும் துவரம்பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் எந்த மாதமும் விடாதீர்கள். இட்லி மாவுக்கு ரேஷன் அரிசி, சோற்றுக்குக் களம்பூர் பொன்னி என்று பிரித்துக்கொண்டால் 26 கிலோ சிப்பம் கூடுதல் நாள் வரும். (ரேஷன் அரிசியில் தனியாகத் தெரியும் அரிசியைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்து வந்த இரும்புச்சத்து சேர்த்த அரிசி அது. உங்களுக்கு அவசியம் வேண்டியது, எறியாதீர்கள்.) காய்க்கு டோல்கேட் உழவர் சந்தை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போகவர செலவில்லை. பலகையில் அன்றைய விலை எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தக்காளி விலை நம் கையில் இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளியிலும் புங்கனூரிலும் மழை கொட்டினால் இங்கே ஏறும். ஏறிய வாரம் புளியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். முளைக்கீரை, முருங்கைக்கீரை, முள்ளுக் கத்திரிக்காய், வேர்க்கடலை, இவற்றைக் குறைக்கவே வேண்டாம்.

டிவி செய்திக்கும் ஒரு பதில். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். போன வருஷம் இதே மாதத்தைவிட விலை எவ்வளவு ஏறியது என்பதுதான் அந்த எண். 2024 அக்டோபரில் காய்கறி விலை அதற்கு முந்தைய வருஷத்தைவிட 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. அந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் அடுத்த வருஷம் இறங்கியதாகத்தான் தெரியும். வாடகையும் வேன் பீஸும் ஏறினால் ஏறியதுதான், ஒரு வருஷமும் அவை இறங்குவதில்லை. உங்கள் நோட்டில் பெரிய தொகைகள் பலவும் அந்த வகை. சிக்கனம் தெரியாதவள் என்று இனி நீங்களே உங்களைச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதற்குள் இரண்டு மூன்று பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து வையுங்கள்.

வங்கிக்குப் போகும்போது நகைக்கடன் ரசீது, ஆதார், இரண்டு குழுக்கடன் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதற்கு முன் இரண்டு நிறுவனங்களிடமும் இன்றைய தேதிக்கு முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்க்கணக்கை நம்ப வேண்டாம். பணம் கட்டியதும் கடன் முடிந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
குடியாத்தம்