மலைக்காரர்களின் இலங்கை சைக்கிள் பயணம்: கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், ஊட்டி நண்பர்கள் ஆறு பேர் இலங்கையில் எட்டு நாள் சைக்கிள் ஓட்டத் திட்டமிடுகிறார்கள். நீர்கொழும்பில் தொடங்கி குருநாகல், தம்புள்ள, கண்டி, நுவரெலியா, எல்ல வழியாகக் கதிர்காமம். அவர்கள் கேட்டவையும் பதில்களும் கீழே.

கோத்தகிரி: அண்ணா, கண்டி–நுவரெலியா ஏற்றம் ஆளைக் கொன்னுடும்கிறாங்க. எப்படிப் பயிற்சி எடுக்கறதுங்க?

மேட்டுப்பாளையத்திலிருந்து (சுமார் 325 மீட்டர்) 33 கி.மீ.யில் கோத்தகிரிக்கு (1,793 மீட்டர்) ஏறிப் பழகியவர் நீங்கள். கண்டி சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர், தூரம் 77 கி.மீ. ஏறும் உயரம் ஏறக்குறைய அதேதான், சாலைதான் இரண்டு மடங்குக்கு மேல் நீளம். அந்த நாளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கவலை முதல் மூன்று நாட்கள்தான். குருநாகல், தம்புள்ள பக்கம் பிப்ரவரியிலும் பகலில் 30 டிகிரியைத் தாண்டும், புழுக்கம் வேறு. குளிரில் பழகிய உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே கடைசி இரண்டு வாரத்தில், முடிந்த நாளெல்லாம் கீழே இறங்கி மேட்டுப்பாளையம்–சத்தியமங்கலம் சாலையில் முற்பகலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுங்கள். இதில் இன்னொரு குறையும் தெரிந்துவிடும். மலையில் இறக்கம் வந்தால் எழுந்து நிற்போம், காலுக்கு ஓய்வு கிடைக்கும். சமவெளியில் மூன்று மணி நேரமும் உட்கார்ந்தபடி மிதிக்க வேண்டும். சீட் ஒத்துக்கொள்ளவில்லை, கை மரத்துப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஊரிலேயே தெரிந்தால் சரிசெய்யலாம்.

அங்கே போனபின் காலை 5.30க்குக் கிளம்பி 11 மணிக்குள் அன்றைய தூரத்தை முடியுங்கள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் சரியாக ஒரு லிட்டரில் கரையுங்கள். பாட்டில் சின்னது என்று அரை லிட்டரில் மொத்தத்தையும் கொட்டினால் வயிறு கெடும். வெயிலில் யாருக்காவது மேல் நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். அன்றைக்கு அவர் மறுபடி ஓட்டக் கூடாது.

குன்னூர்: பசங்களுக்கு மே மாசம்தான் லீவு. அப்போ போனா என்னங்க?

கூடலூருக்குத் தென்மேற்கு மழை, குன்னூருக்கு வடகிழக்கு மழை என்று நம் மலையைப் பிரிக்கிற அதே கணக்குதான் அங்கும். நுவரெலியாவின் மேற்குச் சரிவு தென்மேற்கில் நனையும், பண்டாரவளை, பதுளைப் பக்கம் வடகிழக்கில் நனையும். மே பாதியில் முதலாவது தொடங்கிவிடும். பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும்.

ஊட்டி: சைக்கிளை விமானத்தில் எப்படிக் கட்டி அனுப்புவது?

புது சைக்கிள் வரும் அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டு வாங்குங்கள். முன்சக்கரம், பெடல், சீட் போஸ்ட், ஹேண்டில்பார் நான்கும் கழல வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். குழப்பமே வேண்டாம்: ஸ்பேனரை நேர் மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். சீட் உயரத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

பின் டிரெய்லரை (கியர் மாற்றும்போது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பாகம்) 5 மி.மீ. ஆலன் கீயால் எடுத்து, துணி சுற்றி, ஃபிரேமுக்குள் கட்டுங்கள். அப்படியே விட்டால், பெட்டி வலப்பக்கம் விழும்போது முதலில் வளைவது அதைத் தாங்கும் ஹேங்கர்தான். வளைந்த ஹேங்கரோடு ஏற்றத்துக்கான பெரிய பல்லுக்குக் கியர் மாற்றினால் டிரெய்லர் ஸ்போக்கில் சிக்கி உடையும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு. ஆறு பேரும் தங்கள் தங்களுடையதை ஒன்று உபரியாக வைத்திருங்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கா? சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். பெட்டிக்குள் லீவர் அழுந்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், இறங்கிய இடத்தில் சக்கரம் உள்ளே நுழையாது. ஃபோர்க் நசுங்காமலிருக்க அதன் கால்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். காற்றடிக்கக் கைபம்ப் போதும், கேஸ் குப்பி வேண்டாம்.

விலை உயர்ந்த சைக்கிள் என்றால் புறப்படும் அன்றே விமான நிலையச் சுங்கத்தில் ஃபிரேம் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கிவந்தது என்று வரி கேட்க இடமிருக்காது.

குன்னூர்: என்ன கியர் வேணும்?

பத்துக் கிலோ சுமையோடு ஏற 34 பல் முன்னால், 34 பல் பின்னால். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் ஏழரை கி.மீ. போகும், முழங்கால் தாங்கும். பின்னால் 28தான் இருக்கிறது என்றால் கேசட்டை (பின்சக்கரப் பல் தொகுதியை) மாற்றுங்கள். நீளமான டிரெய்லர் தேவையா என்று கடையில் சேர்த்துக் கேளுங்கள்.

கூடலூர்: எங்க தாத்தா பாட்டி அட்டன் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒப்பந்தத்துல வந்தவங்க. அந்த ஊரைச் சேர்க்க முடியுங்களா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வழியாகப் போகாமல் திரும்பினால் எனக்கே மனசு கேட்காது. கண்டியிலிருந்து ரம்பொட சாலையை விட்டு, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக அட்டன். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா. ஒரு நாள் கூடும். வழியெல்லாம் தமிழ் பேசும் தோட்டங்கள். பழைய பாஸ்போர்ட்டிலோ குடும்ப அட்டையிலோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். பெரிய தோட்டங்களில் டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) தெரியாமல் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) கண்டுபிடிப்பது சிரமம்.

ஊட்டி: எல்லயிலிருந்து இறக்கம்?

வெல்லவாய வரை சுமார் 28 கி.மீ., எண்ணூறு மீட்டருக்கு மேல் இறங்கும். கல்லட்டி இறங்குகிற மாதிரியே: வளைவுக்கு முன் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ரிம் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பஸ்கள் வேகமாக வரும், இடது ஓரத்தை விடாதீர்கள்.

அதன்பின் புத்தள–கதிர்காமம் சாலை வேண்டாம். யால காட்டை ஒட்டிய அந்தச் சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தீனி கேட்டுப் பழகியவை. தணமல்வில, திஸ்ஸமஹாராம வழியாகப் போங்கள். அங்கும் யானை உண்டு, காலை 8 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ நுழையாதீர்கள். பையில் பழம் இருக்கக் கூடாது. மசினகுடி யானைகளை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரி: ஆறு பேர் ஒண்ணாப் போறது எப்படிங்க?

ஒட்டி ஓட்ட முயலாதீர்கள், அவரவர் வேகத்தில் போகட்டும். சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் வந்தவர் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்த பிறகே கிளம்ப வேண்டும். டூல் பை, பம்ப், செயின் லிங்க் எல்லாம் கடைசி ஆளிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் பஞ்சரானவர் சாலையோரம் காத்திருக்க, டூல் பத்து கி.மீ. தள்ளி டீக்கடையில் இருக்கும்.