இரவில் இசை தானாகத் தணிய, காலையில் தானாக எழ: மடிக்கணினிக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட்

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: எங்கள் அம்மம்மா இரவில் நாதஸ்வரம் கேட்டபடியே உறங்குபவர். பழைய கசெட்டுகளில் இருந்தவற்றைக் கோப்புகளாக மாற்றி, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் நிறுவிய மடிக்கணினியில் ஓடவிட்டு, அம்பிளிபயர் வழியாகக் கேட்கச் செய்கிறேன். இசையைச் சட்டென்று நிறுத்தினால் விழித்துக்கொள்கிறார் என்பதால், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 10 வீதம் குறைக்கும் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு) ஒன்றை எழுதினேன். தொடக்கத்தில் மெல்லத்தான் குறைகிறது. கடைசி ஆறேழு நிமிடங்களில் திடீரென்று விழுந்துவிடுகிறது, அப்போது அவரும் விழித்துவிடுகிறார். அத்துடன், கையால் இயக்கினால் வேலைசெய்யும் அதே ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரொனில் போட்டால் எதுவும் நடப்பதில்லை. காலை 5 மணிக்கு இசை மெல்லத் தொடங்கவும் வழி உண்டா?

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை இருக்கிறது. காது ஒலியைக் கழித்துப் பார்ப்பதில்லை, மடங்காகப் பார்க்கிறது. 100 இலிருந்து 90 ஆகும்போது பத்தில் ஒரு பங்குதான் போகிறது. 20 இலிருந்து 10 ஆகும்போது இருந்ததில் பாதி போய்விடுகிறது. போதாததற்கு, லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ் ஓடியோ என்ற மென்பொருளும் இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பைப்வயரும் காட்டும் வீதம் ஒலியலையின் வீச்சை நேராகக் குறிப்பதன்று. அந்தப் பின்னத்தின் மும்மடிப் பெருக்கமே வீச்சாகிறது. ஆகவே 50 வீதம் என்பது அரைப்பங்கு வீச்சல்ல, எட்டில் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபெல் (ஒலியின் மடங்கை அளக்கும் அலகு) குறைவு. கையால் நகர்த்தும்போது அளவுகோல் காதுக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மேற்பாதியில் நன்றாகவே ஒத்தும் வருகிறது. ஆனால் உங்கள் படிக்கட்டில் முதற்படி (100 இலிருந்து 90) 2.7 டெசிபெல் உயரந்தான். 20 இலிருந்து 10 க்கு இறங்கும் படியோ 18 டெசிபெல் உயரம். அதற்கடுத்தது முழு மௌனம். அம்மம்மாவை எழுப்புபவை அந்தக் கடைசி இரண்டு படிகளே.

எனவே வீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் 1 டெசிபெல் குறையுங்கள். அவ்வளவு சிறிய மாற்றத்தைச் சாதாரணக் காது அரிதாகவே உணரும். நீங்கள் ஏற்கெனவே பாவிக்கும் ஒலிக் கட்டளை (பி, ஏ, சி, டி, எல் என்ற ஐந்து எழுத்துகளையும் சேர்த்து எழுதுவது) டெசிபெல் அளவையும் ஏற்றுக்கொள்ளும்: செட்-சிங்க்-வால்யூம் என்ற பகுதிக்குப் பின்னால் நீங்கள் வீதத்தை எழுதிய இடத்தில், கழித்தல் குறி, 1, அதையொட்டி டெசிபெல்லின் சுருக்கமான டி, பி என்ற எழுத்துகளை இடைவெளியில்லாமல் எழுதினால் போதும். இந்த ஒரு வரியையும், 45 வினாடி காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் வரியையும், வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் ஃபார் சுற்று ஒன்றுக்குள் வைத்து 40 தடவை சுழலவிட்டால், சரியாக 30 நிமிடத்தில் வீச்சு நூறில் ஒரு பங்காகிவிடும். மின்விசிறி சுழலும் அறையில் அதற்குமேல் எதுவும் காதில் விழாது. விழுந்தால் 40 ஐ 50 ஆக்குங்கள்.

சுற்று முடிந்ததும் முதலில் இசைப்பானை நிறுத்த வேண்டும். பிறகு ஓரிரு வினாடி விட்டே ஒலியளவைப் பழைய நிலைக்கு ஏற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றி எழுதிவிட்டு, நள்ளிரவில் வீட்டார் அனைவரையும் எழுப்பியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

காலை ஸ்கிரிப்ட் இதன் மறுதலை என்றாலும், அதில் ஒரு பொறி உண்டு. இரவில் இடையில் ஏதேனும் தடைப்பட்டிருந்தால் கணினி எந்த அளவில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே இருக்கும் அளவிலிருந்து கூட்டத் தொடங்காமல், தெரிந்த ஓர் அளவில் வைத்துவிட்டே தொடங்க வேண்டும். கழித்தல் குறியோடு எழுதும் எதையும் இந்தக் கட்டளை ‘இப்போதுள்ளதிலிருந்து குறை’ என்றே எடுத்துக்கொள்வதால், கழித்தல் 40 டெசிபெல் என்று எழுதி அந்த அளவை நேரடியாக வைக்க முடியாது. முதல் வரியில் குறி எதுவுமின்றி 22 வீதம் என்று எழுதுங்கள். மும்மடிக் கணக்கில் அது ஏறத்தாழ 40 டெசிபெல் குறைவுக்குச் சமம். அதன்பின் இசைப்பானைத் தொடக்கி, கூட்டல் குறியுடன் தடவைக்கு 1 டெசிபெலாக 39 தடவை ஏற்றுங்கள். ஏறும்போது 100 வீதத்தில் அது தானாக நின்றுவிடாது. அதற்கு மேலும் போய் ஒலியைச் சிதைக்கும் என்பதால், சுற்றின் எண்ணிக்கையில் கவனம் வேண்டும்.

இனிக் கிரொன். கையால் இயக்கும்போது உங்கள் பயனர் அமர்வில் உள்ள சூழல் மாறிகள் (எது எங்கே இருக்கிறதென்று செயலிகளுக்குச் சொல்லும் குறிப்புகள்) அனைத்தும் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கின்றன. கிரொன் அவற்றை அறியாது. ஒலிச் சேவையகத்தின் வாசல் எங்கே இருக்கிறதென்று காட்டும் எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் என்ற மாறிதான் இங்கே வேண்டியது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எக்ஸ்போர்ட் கட்டளையால் அதற்கு ரன், யூசர், உங்கள் பயனர் எண் என்ற மூன்றும் சாய்கோடுகளால் தொடரும் பாதையைக் கொடுங்கள். ஒரே பயனர் உள்ள கணினியில் அந்த எண் பெரும்பாலும் 1000 ஆகவே இருக்கும். கிரொன் அட்டவணையில் நிமிடம் முதலிலும் மணி அடுத்தும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்: இரவு 9.30 க்கு 30, 21 என்ற வரிசை. நீங்கள் கணினியிலிருந்து வெளியேறிவிடாமல் திரையை மட்டும் பூட்டிவைக்க வேண்டும். மூடியை மடித்தால் கணினி உறங்கிவிடும்படி அமைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்; உறங்கும் கணினியில் கிரொன் ஓடாது.

வின்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஒலியளவை மாற்ற அதில் உள்ளமைந்த எளிய கட்டளை இல்லை. நிர்சொஃப்ட் தரும் நிர்கமாண்ட் என்ற சிறு செயலியை, கிரொன் போல வின்டோஸில் உள்ள டாஸ்க் ஷெடியூலரோடு சேர்த்துப் பாவிக்கலாம். அதன் அளவுகோல் 0 முதல் 65535 வரை செல்லும். அப்பிளின் மக் கணினியில், அதிலேயே உள்ள அப்பிள்ஸ்கிரிப்டின் ஒற்றை வரி போதும். அங்கே 0 முதல் 100.

அம்பிளிபயரின் திருகியை எங்கே வைப்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் தவறுவது அங்கேதான். கணினியை 100 வீதத்தில் வைத்து, அறையில் வேண்டிய அதிகபட்ச ஒலி வரும்வரை திருகியைத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு பொட்டு மை வைத்துவிடுங்கள். திருகி அதற்குமேல் கூடியிருந்தால், இசை தணியத் தணிய அம்பிளிபயரின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். நடுவில் மின்சாரம் நின்றால் மடிக்கணினி மின்கலத்தில் தொடர்ந்து ஓடும், அம்பிளிபயர் அடங்கிவிடும். மின்சாரம் திரும்பும்போது ஸ்கிரிப்ட் கீழே இறங்கியிருக்கும் என்பதால் அதிர்ச்சி ஏற்படாது. மேசைக்கணினியாக இருந்தால் இந்த வசதி கிடையாது.

ஒலிப்பதிவுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தை எந்த ஸ்கிரிப்டும் சமன்செய்யாது. 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் தனித்தவில் உங்கள் கோப்புகளில் இருந்தால், அதைக் கடைசி அரைமணி நேரத்தில் வைக்காதீர்கள். தணிந்த நிலையிலும் அந்த அடி எழுப்பிவிடும். அங்கே நீண்ட இராக ஆலாபனை ஒன்றை வையுங்கள்.

இரவில் ஓடவிடுவதற்கு முன், பகலில் 45 ஐ 1 ஆக மாற்றி ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். முழு இறக்கமும் 40 வினாடியில் முடிந்துவிடும். எங்காவது ஒரு படி தடக்கினால் அது அப்போதே காதுக்குத் தெரியும்.