கல்லைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பியவர்

கேள்வி: மகன் பாஸ்டன் பக்கத்தில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் எங்களை வரச் சொல்கிறான். போய்வந்த நண்பரோ, "மாசசூசெட்ஸில் என்ன சார் இருக்கிறது? ஒரு கல், நாலு பழைய சர்ச். நேரே நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் போய்விடுங்கள்" என்கிறார். கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பவன் 400 வருஷச் சரித்திரம் பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: கல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது சரி. பிளிமத் கடற்கரையில் தூண் மண்டபத்துக்குள், ஒரு பள்ளத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது அந்தப் பாறை. 1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேற மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் அதன் மேல்தான் கால் வைத்து இறங்கினார்கள் என்று 1741-ல் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு முந்தைய 121 வருஷத்தில் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. 1774-ல் அதை ஊருக்குள் இழுத்துப் போகப் பார்த்தார்கள், இரண்டாக உடைந்தது. மேலே இருக்கும் '1620' என்பதே 1880-ல் செதுக்கியது. இத்தனைக்கும் கப்பல் முதலில் நங்கூரம் போட்டது அங்கே இல்லை, கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் இருக்கிற பிராவின்ஸ்டவுனில். தலபுராணம் நமக்கு மட்டும் சொந்தமா என்ன?

ஆனால் நண்பர் கல்லைப் பார்த்த கையோடு காருக்குத் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. சாலையைக் கடந்து படியேறினால் கோல்ஸ் ஹில் என்றொரு மேடு. பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் அங்கே சிலையாக நிற்கிறார். கப்பலில் வந்தவர்கள் குடியேறிய இடம் அந்த மக்களின் கிராமம்தான். சில வருஷங்களுக்கு முன்பே கொள்ளைநோயில் ஊர் காலியாகியிருந்தது. அமெரிக்காவே வான்கோழி விருந்து சாப்பிடும் நன்றி நாளில், 1970 முதல் பூர்வகுடிகள் இந்த மேட்டில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். அதைச் சொல்லும் பலகையும் அங்கேயே நிற்கிறது.

வயதை அளந்தால் கல்லணைதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. தங்களுக்கு வெட்கமான சங்கதியை ஓர் ஊர் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் போங்கள். அதற்கு சேலம் நல்ல இடம். நம்ம சேலம் இல்லை, பாஸ்டனிலிருந்து அரை மணி நேர ரயிலில் இருக்கும் சேலம். 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இன்று அதே ஊரில் போலீஸ்காரரின் சட்டைச் சின்னத்திலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி! அக்டோபர் முழுக்கத் திருவிழாக் கூட்டம் வேறு. வார நாளில் காலையிலேயே போய், பழைய இடுகாட்டை ஒட்டிய நினைவிடத்தைப் பாருங்கள். 1992-ல் அமைத்தது. சுவரில் 20 கல் இருக்கைகள்; ஒவ்வொன்றிலும் பெயர், செத்த தேதி, செத்த விதம். நுழையும் இடத்தில் குனிந்து பாருங்கள். 'நான் நிரபராதி' என்று அவர்கள் கதறியது தரைக்கல்லில் பொறித்திருக்கிறது. வாக்கியம் முடிவதற்குள் சுவர் வந்து மறைத்துவிடுகிறது. வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தூக்கில் போட்ட இடம் இன்று ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்காது.

இயற்கைக்கு வருவோம். நயாகரா பாஸ்டனிலிருந்து சுமார் 750 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ரெயின்கோட் போட்டு ஒரு போட்டோ. அந்த நேரத்தில் கேப் காட் போங்கள். அட்லாண்டிக் பக்கக் கரையை 1961-லேயே தேசியக் கடற்கரையாக அறிவித்துவிட்டதால், மணல்மேடுகள் ஹோட்டல்காரர்களிடம் போகாமல் தப்பின. கடல் அரித்து அரித்து விளிம்புக்கே வந்துவிட்டதால் 1996-ல் ஹைலேண்ட் கலங்கரை விளக்கத்தை அப்படியே பெயர்த்து, 450 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். குளிக்க மட்டும் இறங்காதீர்கள்: தண்ணீர் பனிக்கட்டி மாதிரி, போதாததற்கு வெள்ளைச் சுறா.

இலை நிறம் மாறுவதைப் பார்க்க மேற்கே பெர்க்ஷயர் மலைப்பக்கம் போக வேண்டும், அக்டோபர் நடுவில். அதற்கு மகனிடம் ஒரு சனிக்கிழமை கேளுங்கள். நேரம் மிஞ்சினால் நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில அருங்காட்சியகம். 1998-ல் கப்பல் மோதிச் செத்த நீலத் திமிங்கிலக் குட்டியின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. எலும்பிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருந்ததால், கீழே ஒரு குடுவை கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெயில்தான் ஒரு காலத்தில் ஊரே பணக்கார ஊரானது.

நமக்கும் இந்த மாநிலத்துக்கும் ஒட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, 1842-ல் கட்டியது, அதில் இறக்கிய பனிக்கட்டி மாசசூசெட்ஸ் குளங்களில் அறுத்துக் கப்பலேற்றியது.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால், கிளாம் சவுடர் வெள்ளையாக இருக்கிறதே, பால் சூப்தானே என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே சிப்பி, பெரும்பாலும் பன்றிக்கொழுப்பும் உண்டு. பீன்ஸாவது சாப்பிடலாமே என்றால், பாஸ்டன் பீன்ஸிலும் பன்றிதான்.